அப்பாவின் கால் புண்ணுக்கு மைக்ரோஆர்என்ஏ ஊசி போடலாமா?

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 61. 14 வருடமாகச் சர்க்கரை. மளிகைக் கடை வைத்திருக்கிறார், காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை. 3 மாதமாக வலது கட்டைவிரலுக்குப் பின்னால், பாதத்தின் அடியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளையாகத் தடித்திருக்கிறது. வலியே இல்லை, பயப்படாதீர்கள் என்கிறார். தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவிக் கட்டு மாற்றுகிறோம். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கிடையில் ஒரு தனியார் கிளினிக்கில், "மைக்ரோஆர்என்ஏ நிறைந்த எக்ஸோசோம் ஊசி போட்டு, மேலே ஸ்காஃபோல்ட் வைத்தால் சதை தானாக வளர்ந்துவிடும், நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு" என்கிறார்கள். 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். இது உண்மையான சிகிச்சைதானா? இல்லை, முறைப்படி வரும்வரை காத்திருக்கலாமா?

– வாசகி, கரூர் மாவட்டம்

பதில் தருபவர், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களுக்குச் சிகிச்சை செய்யும் அறுவை மருத்துவர்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும். அந்தக் கிளினிக்குக்குப் பணம் கட்ட வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு இன்னொருவர் இதே பேச்சோடு வருவார், அப்போது நீங்களே பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் காலுக்கு இந்த வாரமே ஆக வேண்டிய வேலைகளும் சில இருக்கின்றன. அவற்றைப் பின்பாதியில் எழுதியிருக்கிறேன். நேரமில்லை என்றால் அதை முதலில் படியுங்கள்.

நோபல் பரிசு பற்றி அவர்கள் சொன்னது உண்மை. 1993-இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகம் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புழுவின் லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்என்ஏவை மட்டும் உண்டாக்கியது. அந்தத் துண்டு இன்னொரு மரபணுவின் செய்தியில் போய் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கிறது என்பதைக் கேரி ரவ்கனின் ஆய்வகமும் சேர்ந்து காட்டியது. புழுவோடு முடிந்துபோகும் விஷயம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-இல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டுபிடித்தது. அது மனிதன் உட்பட எத்தனையோ உயிரினங்களில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்தத் துண்டு என்ன செய்கிறது என்பது புரிந்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும். நம் தோல் செல்லிலும் எலும்பு செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படுகிறது, அந்த நகலைப் படித்துச் செல் புரதம் செய்கிறது. மைக்ரோஆர்என்ஏ அந்த நகலில் தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் நகலைச் செல்லால் படிக்க முடியாது, சில சமயம் நகலே சிதைந்துவிடும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. முன்பக்கத்தில் ஆறேழு எழுத்து பொருந்தினால் பெரும்பாலும் போதும். அதனால் ஒரே ஒரு மைக்ரோஆர்என்ஏவால் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேலையை ஒரே நேரத்தில் குறைத்துவிட முடியும். அதன் பலம் இதுதான், அதன் ஆபத்தும் இதுதான்.

இனி அப்பாவின் புண்ணுக்கு வருவோம். சாதாரணமாக ஒரு காயம் பட்டால் முதலில் அழற்சி வரும், அதாவது சிவந்து வீங்கிக் கிருமியையும் இறந்த செல்லையும் அப்புறப்படுத்தும் கட்டம். சில நாளில் அது அடங்கி, புதுச் சதையும் ரத்தக் குழாயும் வளரும், ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடும். சர்க்கரைப் புண் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இப்படி மாட்டிக்கொள்வதில் மைக்ரோஆர்என்ஏக்களுக்குப் பங்கு உண்டு. முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு நகர்வதில் மிர்-132 என்ற எண்ணுள்ள மைக்ரோஆர்என்ஏ உதவுகிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் காட்டினார்கள். ரத்த ஓட்டம் குறைந்த புண்ணில் மிர்-210 கூடிப்போய், தோல் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது என்று இன்னொரு ஆய்வு. மிர்-92ஏ புது ரத்தக் குழாய் வளர்வதை அடக்குகிறது, அதை முடக்கினால் எலிகளில் குழாய்கள் வளர்கின்றன என்று 2009-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்டார்கள். அதை வைத்து எம்ஆர்ஜி-110 என்ற மருந்தைச் செய்து, எலி, பன்றிப் புண்களில் பார்த்து, ஆரோக்கியமான மனிதர்களிடம் முதல் கட்டப் பாதுகாப்புச் சோதனை வரை கொண்டுபோனது ஓர் அமெரிக்க நிறுவனம். கடைக்கு அது வரவில்லை.

அது மட்டுமல்ல. நான் இதை எழுதும் இன்றைய நிலையில், மைக்ரோஆர்என்ஏவை நேரடியாகக் கொடுக்கும் மருந்தோ, அதை முடக்கும் மருந்தோ, எந்த நோய்க்கும் எந்த நாட்டிலும் அங்கீகாரம் பெறவில்லை. கொலஸ்ட்ராலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரான் ஊசியை யாராவது உதாரணம் காட்டலாம். அது பக்கத்து வீட்டுப் பிள்ளை: எஸ்ஐ-ஆர்என்ஏ என்ற வகை. ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்து, எழுத்துக்கு எழுத்து பொருந்தும்படி செய்தது. அதனால்தான் அந்த வகை மருந்துகளுக்கு 2018-லிருந்து அங்கீகாரம் கிடைக்கத் தொடங்கியது.

ஏன் மைக்ரோஆர்என்ஏ மருந்து இன்னும் வரவில்லை என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். மிர்-34ஏ என்பது புற்றுநோயை அடக்கும் குணமுள்ள ஒரு மைக்ரோஆர்என்ஏ. அதைக் கொழுப்புத் துளிகளில் அடைத்து எம்ஆர்எக்ஸ்-34 என்ற பெயரில் புற்றுநோயாளிகளுக்கு ரத்தத்தில் ஏற்றினார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகத் திரும்பிக்கொண்டதால் நான்கு பேர் இறந்துபோனார்கள். 2016-இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

இரண்டாவது, இத்தாலியில் மௌரோ ஜாக்காவின் குழு செய்தது. மாரடைப்பு வந்த இதயத்தில் செத்துப்போன தசை திரும்ப வளராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவர்கள் மிர்-199ஏ என்ற மைக்ரோஆர்என்ஏவை ஒரு வைரஸில் ஏற்றிப் பன்றிகளின் இதயத்தில் செலுத்தினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் வைரஸ் உள்ளேயே தங்கி, மைக்ரோஆர்என்ஏவை நிறுத்தாமல் உண்டாக்கிக்கொண்டே இருந்தது. முதிராத செல்கள் இதயத்துக்குள் பெருகின. சிகிச்சை பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று செத்தன. 2019-இல் நேச்சர் இதழில் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். திசுவை வளர்க்கத் தெரிந்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை. இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் அந்தப் பன்றிகளை மறக்க மாட்டார்கள்.

ஆகவே, தேவையான இடத்தில் மட்டும், தேவையான நாள் மட்டும், தேவையான அளவு மட்டும் இதைக் கொடுக்க ஒரு வழி வேண்டும். ஸ்காஃபோல்ட் இங்கேதான் வருகிறது.

ஸ்காஃபோல்ட் என்றால் சாரக்கட்டு. கொத்தனார் நின்று வேலை செய்யச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டிவிட்டு, பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம் அல்லவா, அதே வேலையை உடம்புக்குள் செய்யும் பொருள் இது. செல்கள் ஏறிப் பரவ இடம் கொடுத்து, அவை தங்கள் சொந்தத் திசுவைக் கட்டி முடிக்கும்போது கரைந்து போய்விட வேண்டும். இது மைக்ரோஆர்என்ஏவை விடப் பழைய, கைகண்ட வித்தை. தீக்காய நிபுணர் ஜான் பர்க்கும், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பொறியாளர் இயானிஸ் யானஸும் மாட்டுத் தசைநாரின் கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்து ஒரு பஞ்சு செய்தார்கள். மேலே மெல்லிய சிலிக்கோன் படலம். 1981-இல் தீக்காயம் பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பஞ்சின் துளைகள் 20-லிருந்து 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்தது. அதைவிடச் சின்னத் துளை என்றால் செல் உள்ளே நுழைய முடியாது. மிகப் பெரிய துளை என்றால் செல் பற்றிக்கொள்ளப் போதிய பரப்பு இருக்காது. சீக்கிரம் கரைந்தாலும் பயனில்லை, கரையாமல் கிடந்தாலும் தழும்புதான். இந்த நுணுக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

அதே பஞ்சு பின்னாளில் சர்க்கரைக் கால் புண்ணுக்கும் சோதிக்கப்பட்டது. 307 நோயாளிகள். 16 வாரத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதம் பேருக்குப் புண் முழுதும் மூடியது, பஞ்சு வைத்தவர்களில் 51 சதவீதம் பேருக்கு. 2016-இல் அமெரிக்காவில் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு பேரில் ஒருவருக்கு அதிலும் மூடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். "தானாக வளர்ந்துவிடும்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், உலகத்தின் மிகச் சிறந்த சோதனைகளில் இல்லாத உத்தரவாதத்தை அவர் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனைக் காயங்களுக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் நீண்ட காலமாக இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிவிட்டுச் செய்த கோலிடெர்ம் என்ற பொருளுக்கு 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி கிடைத்தது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலையே பதப்படுத்திப் புண்ணின் மேல் வைக்கிறார்கள், அதற்கும் நல்ல சோதனை முடிவுகள் இருக்கின்றன. நம் மருத்துவமனைகளில் "கொலாஜன் ஷீட்" என்று கேட்டால் சாதாரணமாகவே கிடைக்கும். மாடு, பன்றி, மீன் என்று மூலப்பொருள் மாறும். உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு ஏதாவது ஆகாது என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை.

இரண்டையும் சேர்ப்பது ஏன்? வெறும் ஆர்என்ஏவைப் புண்ணில் ஊற்றினால் அது நிலைக்காது. புண்ணிலிருந்து கசியும் நீரில் ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் நிறைய. தப்பிப் பிழைத்தாலும் செல்லுக்குள் நுழையாது, இரண்டிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் செல்லின் சவ்வு அதைத் தள்ளிவிடும். ஆகவே அதை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றி, நுண்துகளில் பொதிந்து, அந்தத் துகளைப் பஞ்சுக்குள் பதிக்கிறார்கள். உள்ளே ஏறி வரும் செல்கள் அதை எடுத்துக்கொள்ளும். பஞ்சு கரைந்து முடிந்தால் மருந்தும் முடியும், ரத்தத்தில் கலந்து ஈரலுக்கும் இதயத்துக்கும் போவது மிகக் குறையும். டப்ளினில் ஃபெர்கல் ஓ'பிரையனின் குழு, கொலாஜனும் எலும்புத் தாதுவும் சேர்ந்த பஞ்சில், எலும்பு உருவாவதைத் தடுக்கும் மிர்-133ஏவை முடக்கும் துண்டை வைத்து எலியின் மண்டையோட்டு ஓட்டையில் எலும்பை வளர்த்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மாவின் குழு மிர்-26ஏவைக் கொண்டு சுண்டெலியில் அதே மாதிரி செய்தது. அழகான ஆய்வுகள். வருங்காலத்தில் இந்த வழியில்தான் சிகிச்சை வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஆனால் இவை எலிகள். தோல் புண் விஷயத்தில் எலி நம்மை எளிதில் ஏமாற்றும். எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசை உண்டு, அது காயத்தின் ஓரங்களை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை, அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வர வேண்டும். அதுவும் போக, ஆய்வகத்தில் எலிக்குப் புண்ணை முதுகில் போடுகிறார்கள். எலி தன் முதுகின் மேல் நின்று மளிகைக் கடை நடத்துவதில்லை. உங்கள் அப்பா நடத்துகிறார்.

சரி, கிளினிக் விற்கும் ஊசி என்ன? எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்குமிழி. அதற்குள் மைக்ரோஆர்என்ஏ இருப்பது உண்மை. எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு: குறிப்பிட்ட ஒரு மைக்ரோஆர்என்ஏவை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒரு குமிழிக்கு ஒரு பிரதிகூடத் தேறவில்லை. ஆக "மைக்ரோஆர்என்ஏ நிறைந்த" என்ற சொல்லே நிற்காது. எது, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்று எதுவும் தெரியாத கலவை அது. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நெப்ராஸ்கா மாநிலத்தில் இப்படிப்பட்ட எக்ஸோசோம் பொருள் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்ததையடுத்து, அங்கீகாரம் பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவுமே இல்லை என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. ரத்த ஓட்டம் குறைந்து, கிருமி குடியிருக்கும் காலில் அதை ஊசியாகப் போடுவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

அவர்களிடம் மறுபடி பேச நேர்ந்தால் இப்படிக் கேளுங்கள்: எந்த மைக்ரோஆர்என்ஏ, அதன் எண் என்ன? கொடுக்கிறீர்களா, முடக்குகிறீர்களா? தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள லேபிளைக் காட்டுங்கள். இது ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் எங்கே? இந்தியாவில் 2009-லிருந்து ஒவ்வொரு மருந்துச் சோதனையும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். சோதனையில் சேருகிறவர் சோதனை மருந்துக்குப் பணம் கட்டுவது முறையே இல்லை, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டியது நடத்துகிறவர் பொறுப்பு. 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள் என்பதிலேயே இது ஆய்வு இல்லை என்று தெரிகிறது. அங்கீகரித்த மருந்தும் இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

இனி அப்பாவின் கால்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "சுற்றிலும் வெள்ளையாகத் தடித்திருக்கிறது" என்பது. அது காய்ப்பு. ஓயாமல் அழுத்தம் விழும் இடத்தில்தான் காய்ப்பு வரும். கட்டைவிரலின் அடி எலும்பு, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தப் புண்ணைத் தரையோடு சேர்த்து நசுக்குகிறது. நமக்கு வலித்தால் காலை மாற்றி வைப்போம். சர்க்கரையால் அவருடைய நரம்பு மரத்துவிட்டது, அதனால்தான் வலியில்லை. வலியில்லை என்று அவர் தைரியமாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வெள்ளை ஓரத்தைப் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். வீட்டில் வேண்டாம், மருத்துவரே செய்ய வேண்டும். சீவினால் நாணயம் அளவுப் புண் உள்ளே அகலமாக இருப்பது பல முறை தெரியவரும். மழுங்கிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்றும் அவர் பார்ப்பார். தட்டுப்பட்டால் எலும்பிலும் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ரத்த ஓட்டம். இதைப் பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் ஏபிஐ பரிசோதனை, அதோடு டாப்ளர். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், ஏபிஐ 1.3-க்கு மேல் காட்டி "நன்றாக இருக்கிறது" என்று ஏமாற்றும். அப்போது விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் ரத்தக்குழாய் நிபுணரிடம் போக வேண்டும். அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி செய்து திறந்தால், மாதக்கணக்கில் அசையாமல் நின்ற புண் ஆறத் தொடங்குவதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். ரத்தம் வராத காலில் கொலாஜனும் நிற்காது, மைக்ரோஆர்என்ஏவும் நிற்காது. ஏன், விரலை எடுத்தால் அந்த வெட்டுக் காயமும் ஆறாது. அதனால் விரலை எடுக்கும் பேச்சு வந்தால், ரத்த ஓட்டம் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

அதே நேரம் உங்கள் டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். எலும்பு அழுகி, மருந்தால் மீட்க முடியாத நிலை வந்துவிட்டால், விரலை எடுப்பது பாதத்தைக் காப்பாற்றும் அறுவைதான். அந்த முடிவைப் பரிசோதனைகள் முடிந்த பிறகு எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது, அழுத்தத்தை எடுப்பது. என் மனதில் இதுதான் முதலாவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை நிபுணர், தொழுநோயால் உணர்வு போன கால்களில் ஆறாத புண்களைப் பார்த்து, மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்துவிட்டால் அவை ஆறுகின்றன என்று காட்டினார். 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த முறையையும் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவியது. முழுத் தொடு மாவுக்கட்டு என்று சொல்லும் அதுவோ, முழங்கால் வரை வரும் கழற்ற முடியாத பூட்ஸோதான் இன்றும் பாதத்தின் அடிப்புண்ணுக்கு முதல் சிகிச்சை. கிருமித் தொற்று தீவிரமாக இருந்தாலோ, ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ மட்டும் போடக் கூடாது. கழற்ற முடியாதது ஏன் என்றால், கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுவார்கள். கடையில் கூட்டம் வந்தால் உங்கள் அப்பாவும் எழுந்து நிற்கத்தான் செய்வார். அவர் சோம்பேறி இல்லை, அதுதான் இங்கே சிக்கல். சில வாரங்களுக்குக் கடையை நீங்களோ தம்பியோ பாருங்கள். அவர் உட்கார்ந்து கணக்கு எழுதட்டும், கல்லாப் பெட்டியை அவரிடமே விடுங்கள், மனம் ஒடியாமல் இருப்பார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஹவாய் செருப்பை ஒதுக்கிவிடுங்கள். புண் மூடிய பிறகு எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை அளவெடுத்துச் செய்து போட வேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்ப வரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இன்றோடு நிறுத்துங்கள். நுரை பொங்குவது பார்க்கச் சுத்தமாகத் தெரியும், புதிதாக வளரும் செல்களையும் சேர்த்தே அது பொசுக்குகிறது. சலைன் போதும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் புண்ணைப் போட்டோ எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி நோட்டில் எழுதுங்கள். அழுத்தம் எடுத்து, ரத்த ஓட்டமும் சரியாக இருந்து, கிருமியும் அடங்கியிருந்தால், 4 வாரத்தில் அந்தப் பெருக்குத்தொகை பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போய், "கொலாஜன் சாரக்கட்டு வைக்கலாமா? வேக் டிரெஸ்ஸிங் (புண்ணின் கசிவை உறிஞ்சி எடுக்கும் கட்டு) பயன்படுமா?" என்று கேளுங்கள். ஸ்காஃபோல்டுக்கு உரிய நேரம் அதுதான். தயாரான நிலத்தில் வைத்தால் பலன் தரும் பொருள் அது. இதற்கிடையில் பாதம் சிவந்து சூடானாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை எகிறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள்.

முறைப்படி வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மைக்ரோஆர்என்ஏ பதித்த சாரக்கட்டு வருவதற்கு, பெரிய விலங்குகளில் பாதுகாப்பு, பிறகு மனிதரில் மூன்று கட்டச் சோதனை என்று இன்னும் பல வருட வேலை இருக்கிறது. அப்பாவின் புண்ணுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, மாதக் கணக்கிலேயே அவகாசம் குறைவு. இந்தப் புண் இன்றைக்கு இருக்கும் சிகிச்சையால் ஆற வேண்டிய புண். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த முக்கியமான சிகிச்சைகள் இன்னும் தொடங்கவே இல்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ப்புச் சீவுவதும், எக்ஸ்ரேயும், டாப்ளரும், மாவுக்கட்டும் சேர்ந்தாலும் அவர்கள் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைப் பிரிவுக்குப் போனால் இன்னும் குறைவு. ஆஞ்சியோபிளாஸ்டி வரை போக நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போய், மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். ரத்த ஓட்டப் பரிசோதனையின் தாளும், கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) முடிவும், கிரியாட்டினின் அளவும் கையில் இருக்கட்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் குழாய்க்குள் சாயம் ஏற்ற மாட்டார்கள், அந்த முடிவு கையில் இல்லாவிட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டி வரும்.